வண்டல் போகும் வழி

ஜூன் மாதம் யூனான் மலைகளில் மழை பிடித்துக்கொள்ளும். சீனாவின் தென்மேற்கு மூலையில், தாலி நகருக்குத் தெற்கே வெய்ஷான் பகுதியில் பிறக்கும் ஆறு அதுவரை மெலிந்து கிடக்கும். மழை விழுந்த சில நாட்களில் அதன் நிறம் மாறிவிடும். அந்தச் சரிவுகளின் மண் இரும்பு மிகுந்தது. வெயிலும் ஈரமும் மாறி மாறித் தின்ற பாறை, துருவேறிப் பொடிந்து செம்மண்ணாகி மலைமேல் தோலாகப் படர்ந்திருக்கிறது. மழை அதைச் சுரண்டி ஓடைகளில் இறக்க, ஓடைகள் ஆற்றில் சேர்க்கின்றன. அங்கிருந்து தோங்கின் வளைகுடா வரை ஏறத்தாழ 1,150 கிலோமீட்டர் பயணம்.

சீனர்கள் இந்த ஆற்றை யுவான் என்கிறார்கள். எல்லை தாண்டியதும் வியட்நாமியர் முதலில் தாவ் என்றும் பிறகு ஹோங் என்றும் அழைக்கிறார்கள். உலக வரைபடங்களில் இது செவ்வாறு. பெயர் எதுவானாலும் இதன் கதையை நீரை வைத்துச் சொல்வதைவிட, நீர் சுமந்துபோகும் மண்ணை வைத்துச் சொல்வதே பொருத்தம் என்பேன். வட வியட்நாமின் சமவெளி முழுவதும் இந்த ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல்தான். அரசுகள் எழுந்ததும் துறைமுகங்கள் செத்ததும் பஞ்சம் வந்ததும் அந்த வண்டல் எங்கே இறங்கியது, எங்கே இறங்கவில்லை என்பதோடு பின்னிக் கிடக்கின்றன.

வரைபடத்தில் செவ்வாற்றைப் பார்த்தவுடன் கண்ணில் படுவது அதன் நேர்கோடு. மலைநாட்டு ஆறுகள் வளைந்து நெளியும். இதுவோ வடமேற்கிலிருந்து தென்கிழக்காக நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தூரம் கோடு பிடித்தாற்போல் ஓடுகிறது. அது ஓடுவது நிலத்தின் ஒரு பெரும் பிளவில். தமிழ்நாட்டையும் தன்மேல் சுமந்திருக்கும் இந்தியத் தட்டு வடக்கே நகர்ந்து ஆசியாவை முட்டியபோது, அந்த நெருக்கலில் இந்தோசீன நிலப்பகுதி தென்கிழக்காகப் பிதுங்கியது. அப்படிப் பிதுங்கியபோது அதன் விளிம்பு சீன நிலத்தோடு உரசி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வழுக்கியது. சுமார் மூன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி ஒன்றேமுக்கால் கோடி ஆண்டுகளுக்கு முன்வரை நீடித்த அந்த உரசலின் வடு வழியாகவே ஆறு இறங்குகிறது. யாங்சி ஆற்றின் மேற்பகுதியும் ஒரு காலத்தில் இந்தப் பள்ளத்தில்தான் விழுந்தது, பிறகு திசைமாறிக் கிழக்கே போனது என்று வாதிடும் புவியியலாளர்கள் உண்டு. மறுப்பவர்களும் உண்டு, வழக்கு இன்னும் முடியவில்லை.

பிளவின் தென்கரையில் ஆய்லாவ் மலைத்தொடர். அதன் சரிவுகளில் ஹானி மக்கள் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாகப் படிவயல் கட்டி நெல் விளைவிக்கிறார்கள். மலையுச்சியில் காடு, நடுச்சரிவில் ஊர், ஊருக்குக் கீழே ஆற்றுப் பள்ளத்தாக்கை நோக்கி இறங்கும் வயல்கள். காட்டிலிருந்து வரும் நீரை ஊருக்குள் விட்டு, அங்கே தேங்கும் எருவையும் அடித்துக்கொண்டு வயலுக்கு இறங்கச் செய்வார்கள். 2013-இல் யுனெஸ்கோ இதை உலக மரபிடமாக அறிவித்தது. மலையிலிருந்து புறப்படும் மண்ணை வழிமறிக்கும் முதல் மனிதக்கை இதுதான். படிப்படியாக நிறுத்தி, கொஞ்சம் வைத்துக்கொண்டு, மிச்சத்தை விட்டுவிடும் கை. கீழே போகப் போக மண்ணை மறித்த கைகள் இத்தனை நிதானமாக இருந்ததில்லை.

லுங் போ என்ற இடத்தில் ஆறு வியட்நாமைத் தொடுகிறது. அங்கிருந்து சில பத்துக் கிலோமீட்டர் தூரம் இரு நாடுகளுக்கும் எல்லையாக ஓடி, லாவோ காய் நகரில் முழுவதும் வியட்நாமுக்குள் நுழைகிறது. எதிர்க்கரையில் சீனாவின் ஹெக்கோவ். இந்த எல்லைக் கதவுதான் பிரெஞ்சுக்காரர்களை வடக்கே இழுத்தது. 1866 முதல் 1868 வரை மீகாங் வழியாகச் சீனாவுக்குப் போகப் பார்த்த அவர்களின் பயணக்குழு, அந்த ஆறு அருவிகளால் அடைபட்டது என்று கண்டுகொண்டது. அந்தக் குழுவிலிருந்த ஃபிரான்சிஸ் கார்னியேவின் கவனம் செவ்வாற்றின் பக்கம் திரும்பியது. இதற்குள் ஷான் துபுவி என்ற வணிகர் இதே ஆற்றில் யூனானுக்கு ஆயுதம் கொண்டுபோகத் தொடங்கியிருந்தார். அவரால் எழுந்த தகராறைத் தீர்க்க அனுப்பப்பட்ட கார்னியே 1873 நவம்பரில் ஹனோய்க் கோட்டையைப் பிடித்தார்; டிசம்பரில், சீனாவிலிருந்து வந்த ஆயுதக் குழுவான கருங்கொடிப் படையினர் கையில் இறந்தார். பத்தாண்டுகளுக்குப் பிறகு பிரான்ஸ் வட வியட்நாமான தோங்கினைக் கைப்பற்றியே விட்டது. ஆனால் எந்த வழிக்காக இத்தனை உயிர் போனதோ அந்த வழி பெரிய கப்பலுக்கு உதவவில்லை. மேலே பாறைச் சரிவுகள், கீழே இடம் மாறிக்கொண்டே இருக்கும் மணல்திட்டுகள். கடைசியில் ஹாய்ஃபோங்கிலிருந்து குன்மிங் வரை 850 கிலோமீட்டருக்கு மேல் ரயில் பாதை போட்டார்கள். அது 1910-இல் முடிந்தது.

யென் பாயைக் கடந்து ஃபு தோ மாநிலத்தில் இறங்கும்போது இரண்டு துணையாறுகள் அடுத்தடுத்து வந்து சேர்கின்றன. வலப்பக்கம் டா ஆறு, சற்றுக் கீழே வியட் ட்ரி நகரில் இடப்பக்கம் லோ ஆறு. டா சாதாரணத் துணையாறு அல்ல. யூனானில் பிறந்து, செவ்வாற்றுக்கு இணையாக மலைகளைக் குடைந்துகொண்டு வருகிறது. அணைகளுக்கு முந்தைய காலத்தில் சமவெளிக்கு வந்த வண்டலில் ஏறத்தாழ பாதி டாவின் பங்கு. இந்தக் கூடுதுறைக்கு மேலே பா வீ மலை நிற்கிறது. மலைத்தெய்வமான சோன் தின்னும் நீர்த்தெய்வமான துய் தின்னும் ஓர் அரசகுமாரியைக் கேட்டுப் போட்டியிட்டார்கள், தோற்ற நீர்த்தெய்வம் ஆண்டுதோறும் வெள்ளமாக வந்து பழிதீர்க்கிறது, மலைத்தெய்வமோ வெள்ளத்துக்கு மேலாக மலையை உயர்த்திக்கொண்டே போகிறது என்பது வியட்நாமியக் குழந்தைகள் எல்லாரும் அறிந்த கதை. மூன்று ஆறுகளின் வெள்ளம் ஒரே நேரத்தில் வந்து மோதும் இடத்தில் அந்தக் கதை பிறந்திருக்கிறது.

அந்தக் கூடுதுறைக்குக் கீழேதான் வண்டல் நிலமாகத் தொடங்கியது. ஆறேழாயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல் இன்றைய ஹனோய்க்கு அருகில்வரை வந்திருந்தது. இன்று கடற்கரை அங்கிருந்து நூறு கிலோமீட்டர் தள்ளி. இடையிலுள்ள நிலம் முழுக்க ஆறு நிரப்பியது. ஒரு வெள்ளத்தில் கரைபுரளும், ஓரத்தில் கனமான மணலை இறக்கி மேடு போடும், நுண்ணிய சேற்றைத் தூரத்துத் தாழ்வுகளில் படியவிடும். தன் மேட்டால் தானே உயர்ந்துபோனதும் உடைத்துக்கொண்டு வேறு தாழ்வுக்குள் பாயும். இப்படிப் பழைய பாதையை விட்டுப் புதிய பாதை பிடித்தே சுமார் 15,000 சதுர கிலோமீட்டர் டெல்டாவை அது கட்டியது. ஹனோயின் மேற்கு ஏரி ஆறு விட்டுப்போன பழைய தடம்.

1010-இல் அரசர் லீ தாய் தோ தன் தலைநகரை ஹோவா லூவின் பாறைக்குன்றுகளிலிருந்து இந்த ஆற்றோரத்துக்கு மாற்றினார். இன்றைய ஹனோய் அங்கே தாங் லாங் ஆயிற்று. ஆறு அலையும் இயல்புடையது. தலைநகரம் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டியது. இந்த முரண்பாட்டுக்கு அரசு கண்ட விடை மண்கரை. 1108-இல் தலைநகரைக் காக்கக் கோ ஸா பகுதியில் கரை போட்டார்கள். 1248-இல் ட்ரான் வம்ச அரசர் தாய் தோங், தலைப்பகுதியிலிருந்து கடல்வரை ஆற்றின் இருபுறமும் கரை எழுப்பும்படி ஆணையிட்டு, அதைக் கண்காணிக்கத் தனி அதிகாரிகளையும் அமர்த்தினார். ஏரும் அறுப்பும் ஓய்ந்த மாதங்களில் ஊர் ஊராக மண்சுமந்தார்கள். எழுநூறு ஆண்டு மண்சுமை. இன்று அந்தக் கரைகளின் மேல் லாரி ஓடுகிறது.

கரை ஊரைக் காத்தது. அதே கரை வண்டலையும் சிறைப்பிடித்தது. இதைத்தான் நான் இந்த ஆற்றின் வரலாற்றில் நடுவானதாகக் கருதுகிறேன். கரைக்கு வெளியே, ஆற்றின் பக்கம் இருந்த படுகைகள் ஆண்டுதோறும் புதுமண் பெற்று உயர்ந்தன. கரைக்கு உள்ளே இருந்த வயல்களுக்கு ஒரு பிடி வண்டலும் இறங்கவில்லை. டெல்டா கட்டி முடியாத நிலையில் அப்படியே நிறுத்தப்பட்டது. ஆற்றுக் கிளைகளுக்கு இடையே ஹா நாம், நாம் தின் பக்கம் இருந்த தாழ்வுகள் தாழ்வாகவே தங்கின. மழைக்காலத்தில் அங்கே தேங்கிய நீருக்கு வடிய வழி இருக்கவில்லை. அந்நாளில் ஊருக்கு ஊர் படகில்தான் போக்குவரத்து. ஆண்டுக்கு ஒரே போகம். 19-ஆம் நூற்றாண்டின் பெருங்கவிஞர் நுயென் குயென் இந்தத் தாழ்வுநிலத்துக்காரர். ஹா நாமின் வெள்ளத்தைப் பற்றி அவர் பாடியது ஊகித்து எழுதியதல்ல. இருவர் எதிரெதிரே நின்று கயிற்றில் கட்டிய இறைகூடையை வீசி வயலிலிருந்து நீரை வெளியே அள்ளுவதும், கோடையில் அதே கூடையால் நீரை உள்ளே அள்ளுவதும் அங்கே தலைமுறை தலைமுறையான உழைப்பு.

கரைகளுக்கு நடுவே சிறைப்பட்ட மண் சும்மா இருக்குமா? அது படுகையை உயர்த்தியது. கரையையும் அதற்கேற்ப உயர்த்த வேண்டியதாயிற்று. உயரம் கூடக் கூட உடைப்பின் வேகமும் கூடியது. நுயென் வம்சத்து து டுக் அரசர் காலத்தில் ஹுங் யென் பகுதியின் வான் ஸாங் கரை பதினெட்டு ஆண்டுகள் தொடர்ந்து உடைத்துக்கொண்டது. அந்த வட்டாரத்து மக்கள் சோறு கேட்டு அலைந்தது பழமொழியாகவே நிலைத்துவிட்டது. கரை வேண்டுமா, எடுத்துவிடலாமா என்று நுயென் வம்ச அரசர்கள் அதிகாரிகளிடம் கருத்துக் கேட்டார்கள். எடுத்தால் இத்தனை காலமாகத் தாழ்ந்துகிடக்கும் ஊர்கள் என்ன ஆவது என்ற கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை. பிரெஞ்சு ஆட்சியிலும் இதே விவாதம் நடந்தது, கடைசியில் கரையை இன்னும் தடிமனாக்கினார்கள். 1936-இல் டெல்டா உழவர்களைப் பற்றிப் பெரும் நூல் எழுதிய பியர் கூரு, சதுர கிலோமீட்டருக்கு 430 பேர் வாழ்வதாகக் கணக்கிட்டார். தொழிற்சாலை அதிகமில்லாத, நெல் மட்டுமே தாங்கும் நிலத்தில் அத்தனை பேர்.

1945 பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் இறந்த அதே ஆண்டு ஆகஸ்டில் கரைகள் பல இடங்களில் உடைத்துக்கொண்டன. 1971 ஆகஸ்டில் ஹனோயில் ஆறு 14 மீட்டரைத் தாண்டியது. நகரத்தின் பல தெருக்கள் அதற்கு ஐந்தாறு மீட்டர் தாழ்வு. கீழ்ப்பகுதிகளில் கரை உடைந்து பெரும் உயிர்ச்சேதம் ஏற்பட்டது. மறு ஆண்டு அமெரிக்க விமானங்கள் கரைகளில் குண்டு வீசுவதாக வட வியட்நாம் குற்றம் சாட்டியது. வேண்டுமென்றே வீசவில்லை என்றது அமெரிக்கா. மண்மேடு ஒன்று உலக அரசியலின் பேச்சானது அப்போதுதான்.

கரைக்கு வெளியே, ஆற்றோரப் படுகையில் வாழ்க்கை வேறுவிதம். அங்கே நிலம் உறுதியில்லை, மண் மட்டும் எப்போதும் புதிது. சோளம், வாழை, முசுக்கொட்டை. ஹனோயின் நாட் தான் பகுதியில் பீச் மரங்களும் தூ லியன்னில் குறுஞ்சாத்துக்குடி மரங்களும் இந்த வண்டலில் வளர்ந்தே டெட் புத்தாண்டுக்கு வீடுவீடாகப் போகின்றன. சூ டோங் து கதையும் இந்தப் படுகையில்தான் நடக்கிறது. தந்தையும் மகனுமாக ஒரே கோவணத்தைப் பகிர்ந்துகொண்ட ஏழைச் செம்படவர்கள். தந்தை இறந்ததும் அதை அவரோடு புதைத்துவிட்டு, மகன் அம்மணமாகவே மீன் பிடிக்கிறான். அரசகுமாரி தியன் ஸுங்கின் படகு வருவதைக் கண்டு வெட்கத்தில் மணலைத் தோண்டித் தன்னை மூடிக்கொள்கிறான். அவளோ அந்த இடத்திலேயே திரைகட்டிக் குளிக்க, வார்த்த நீரில் மணல் கரைந்து அவன் வெளிப்படுகிறான். இருவரும் மணந்துகொள்கிறார்கள். ஹுங் யென்னில் இன்றும் அவர்களுக்குக் கோயில் உண்டு. ஆறு மூடுவதும் ஆறு திறப்பதும் வாழ்க்கையாகிவிட்டவர்கள்தான் இப்படி ஒரு காதல்கதையைச் சொல்ல முடியும்.

படுகையின் முசுக்கொட்டை பட்டாயிற்று, பட்டு வணிகமாயிற்று. 17-ஆம் நூற்றாண்டில் தோங்கின் பட்டை டச்சுக்காரர்கள் ஜப்பானுக்குக் கொண்டுபோனார்கள். அவர்கள் 1637-இல் வந்தார்கள், ஆங்கிலேயர் 1672-இல். அயல்நாட்டார் தங்கிய ஃபோ ஹியன் துறை, தலைநகருக்கு அடுத்தபடியான நகரம் என்று பேர்பெற்றது. அந்தத் துறையை எந்தப் படையும் அழிக்கவில்லை. வணிகம் தளர்ந்தது, ஆறு மண்ணைக் கொட்டித் தன் தடத்தை நகர்த்திக்கொண்டது. கப்பல் நின்ற இடத்தில் இன்று லாங்கன் பழத்தோட்டங்கள்.

வண்டல் தந்த எல்லாமே நன்மையல்ல. மலையிலிருந்து வரும் இரும்புத் துகள்களில் ஆர்செனிக் ஒட்டிக்கொண்டு வருகிறது. காற்றுப் பட்டுக்கொண்டிருக்கும்வரை அது அசையாது. சேற்றுக்கடியில் மக்கும் தாவரங்களோடு புதையுண்டு பிராணவாயு தீர்ந்ததும் இரும்பு கரைகிறது, அதோடு ஆர்செனிக்கும் நிலத்தடி நீரில் இறங்குகிறது. 2001-இல் வெளியான ஆய்வு ஒன்றில் ஹனோயைச் சுற்றியுள்ள கிணற்றுநீரில் லிட்டருக்குச் சராசரி 159 மைக்ரோகிராம் ஆர்செனிக் இருந்தது தெரியவந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு 10. குளத்துநீரால் வரும் நோய்க்கு அஞ்சிக் குழாய்க்கிணறு போட்ட குடும்பங்களுக்கு இது தெரியாது.

கடலை எட்டும் இடத்தில் வண்டல் மறுபடி நிலமாகிறது. 1828-இல் தியன் ஹாய், 1829-இல் கிம் சோன் என இரண்டு வட்டாரங்களைச் சேற்றிலிருந்து எடுத்துத் தந்தவர் நுயென் கோங் ட்ரூ. கவிஞர், படைத்தலைவர், அதிகாரி. நிலமில்லாதவர்களைத் திரட்டி, கடலோரம் கரை போட்டு, வாய்க்கால் வெட்டி, பட்டை பட்டையாக நிலம் பிரித்துக் கொடுத்தார். முதலில் உப்பு ஏறிய சேற்றில் கோரை. உப்பு இறங்கியபின் நெல். கிம் சோன்காரர்களின் கோரைப்பாய்த் தொழில் அப்போது வேர்விட்டது. 1875-க்கும் 1899-க்கும் இடையே அதே சேற்றில் மூங்கில் முளைகளை அறைந்து, கல்லைக் கொட்டி இறுக்கி, ஃபாட் தியெம் பேராலயத்தை எழுப்பினார்கள். கல்லும் மரமும் கொண்டு வியட்நாமியக் கோயிலின் கூரையமைப்பில் கட்டிய கத்தோலிக்க ஆலயம். அங்கே கடற்கரை இன்னும் ஆண்டுக்குப் பல பத்து மீட்டர் முன்னே போகிறது. ஒரு கரைக்கு வெளியே இன்னொரு கரை, அதற்கு வெளியே மற்றொன்று என்று நிலத்தைச் சேர்த்துக்கொண்டே இருக்கிறார்கள்.

அங்கிருந்து கொஞ்சம் வடகிழக்கே ஹாய் ஹாவ். கதை அப்படியே தலைகீழ். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு பெருவெள்ளத்துக்குப் பின் ஆற்றின் முதன்மை வாய் பா லாட் பக்கம் மாறியது. ஹாய் ஹாவுக்கு வந்துகொண்டிருந்த வண்டல் நின்றுபோயிற்று. அலை மட்டும் நிற்கவில்லை. ஊர்கள் பின்வாங்கிக்கொண்டே இருக்கின்றன. 1943-இல் கட்டிய தேவாலயம் ஒன்று இன்று கடலோர மணலில் கூரையின்றி நிற்கிறது. புதுமணத் தம்பதிகள் அங்கே போய்ப் படமெடுத்துக்கொள்கிறார்கள். அங்கே அறுபட்டது ஒரே ஒரு கிளையின் வண்டல். டெல்டா முழுவதற்கும் அது நேர்ந்தால் என்ன ஆகும் என்பதை அந்தக் கடற்கரை ஏற்கெனவே காட்டிக்கொண்டிருக்கிறது. பா லாட் வாயில், புதுச் சேற்றில் அலையாத்தி வளர்ந்து, கருமுகக் கரண்டிவாயன் பறவைகள் குளிர்காலம் கழிக்கும் சுவான் துய் 1989-இல் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. தென்கிழக்காசியாவில் அதுவே முதல்.

1971 வெள்ளத்தை நேரில் கண்ட தலைமுறையே டா ஆற்றில் அணையை வேண்டியது. அவர்களைக் குறைசொல்ல என்னால் முடியாது. சோவியத் உதவியோடு 1979-இல் தொடங்கிய ஹோவா பின் அணை 128 மீட்டர் உயரம்; கட்டியபோது 1,920 மெகாவாட் திறன். பணியில் 168 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் சோவியத் குடிமக்களும் உண்டு. நீர்த்தேக்கம் மலைப்பள்ளத்தாக்கில் 200 கிலோமீட்டர் நீண்டது. கரையோர முவாங், தாய் இன மக்கள் மேட்டுக்குப் போனார்கள். கட்டியவர்கள் 2100 ஜனவரி 1 அன்று திறக்க வேண்டும் என்று ஒரு கடிதத்தைக் கான்கிரீட் கட்டைக்குள் வைத்து மூடியிருக்கிறார்கள். பிறகு மேலே சோன் லா, 2012-இல் முடிந்தது, 2,400 மெகாவாட். இருபதாயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. அதற்கும் மேலே லாய் சாவ், 2016. எல்லைக்கு அப்பால் யூனானிலும் அணைகள்.

ஹனோய்க்கு மேலே சோன் தாயில் ஆண்டுக்குப் பத்துக் கோடி டன்னுக்கு மேல் வண்டல் கடந்துபோன காலம் உண்டு. ஹோவா பின் தேக்கத் தொடங்கியபின் அது பாதிக்கும் கீழே இறங்கியது. மேலேயுள்ள அணைகளும் வந்தபின் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. கூடுதுறையில் இப்போது டா ஆறு பச்சையாக வருகிறது; வறண்ட மாதங்களில் செவ்வாறே தெளிந்து ஓடுகிறது.

வெள்ளம் தீர்ந்துவிட்டதா என்றால் அதுவும் இல்லை. 2024 செப்டம்பரில் யாகி புயலின் மழை, அணைகள் அதிகமில்லாத, தாவ் எனப்படும் மேல் ஆற்றில் கொட்டித் தீர்த்தது. யென் பாய் நகரம் மூழ்கியது. 9-ஆம் தேதி ஃபு தோவில் ஃபோங் சாவ் பாலம் வாகனங்களோடு சரிந்தது. ஹனோயில் ஆறு 11 மீட்டரைத் தாண்டி, நாட் தானின் பீச் தோட்டங்களைக் கொன்றது. நீர் வடிந்தபின் யென் பாய் மக்கள் வீடுகளிலிருந்து பல நாள் செஞ்சேற்றை வாரிக்கொட்டினார்கள். அந்தச் சேறு வயல்களில் படிய வேண்டியது.

தினசரிச் சிக்கல் வேறொன்று. வண்டல் இழந்த நீர் தன் படுகையையே அரித்துத் தின்கிறது. கட்டுமானத்துக்காக மணல் அள்ளும் படகுகளும் சேர்ந்துகொள்ள, ஆற்றின் அடிமட்டம் பல மீட்டர் இறங்கிவிட்டது. 1950களின் இறுதியில் ஆயிரக்கணக்கான உழவர்கள் மண்வெட்டியும் கூடையுமாக வெட்டிய பாக் ஹுங் ஹாய் பாசன வாய்க்காலின் தலைமதகு சுவான் குவானில் இருக்கிறது. அன்று ஆற்றுநீர் தானாக அதற்குள் நுழைந்தது. இன்று தை மாத நடவுக்காலத்தில் ஆற்றுமட்டம் மதகுக்குப் போதாத அளவுக்குத் தாழ்ந்துவிடுகிறது. அதனால் ஒவ்வோர் ஆண்டும் டெட் பண்டிகையை ஒட்டி ஹோவா பின், தாக் பா, துயென் குவாங் அணைகளிலிருந்து சில நூறு கோடி கன மீட்டர் நீரைத் தவணை தவணையாகத் திறந்துவிடுகிறார்கள். மின்சாரத்துக்கென்று தேக்கிய நீர், வயலுக்கென்று போகிறது. அப்படிப் போகும்போது அந்தத் தெளிந்த நீர் படுகையை மேலும் கொஞ்சம் அரிக்கிறது. அடுத்த ஆண்டு அதே மட்டத்தை எட்ட இன்னும் கூடுதலாகத் திறக்க வேண்டியிருக்கிறது. கீழ்ப்பகுதி ஊர்களில் நிலையான இறைப்பு நிலையங்களை விட்டுவிட்டு, தாழ்ந்த நீரை எட்டும்படி ஆற்றுக்குள் தற்காலிக பம்புகளை இறக்குகிறார்கள். வயலில் நீர் பாய்ந்ததும், மண்ணில்லாத அந்த நீரோடு போடுவதற்கு உர மூட்டை வாங்க வேண்டியிருக்கிறது.